ஏழு வகையும் ஒரு வேலியும்

முதலில் ஒரு விதையை எடுப்பார். ஒரு பிடி அல்ல, ஒரே ஒரு விதை. அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நிறுத்தி, சாறன் மடிப்பில் ஒருதரம் துடைத்து, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பக்கம் திரும்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணுக்கு நேரே பிடிப்பார். விதையின் வயிற்றிலிருக்கும் வெள்ளைத் தழும்பை நகத்தால் தடவுவார். பிறகு இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் வைத்து மெதுவாகக் கடிப்பார். கடித்தபின் மெல்ல மாட்டார், கேட்பார். விதை உடைகிற சத்தத்தைத்தான் கேட்கிறார். கேட்டு முடிந்ததும் இரண்டு பாதியையும் உள்ளங்கையில் துப்பி, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்து, "ம்" என்பார்.

அந்த "ம்" ஒரு தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் இல்லை.

இவரை உங்களுக்குத் தெரியும். சின்ன ஊரென்றால் ஊருக்கு ஒருவர், பெரிய ஊரென்றால் தெருவுக்கு ஒருவர். வகைபிரிப்பாளர் என்பது இந்த இனத்தின் பெயர். உலகத்தைப் படைத்து முடிந்தாயிற்று, ஆனால் அடுக்கி முடியவில்லை என்பது இவர்களுடைய உறுதியான நம்பிக்கை. மீன் வாங்கச் சந்தைக்குப் போனால் வாங்கமாட்டார்கள், வகை சொல்வார்கள். கலியாண வீட்டில் ஒன்றாய்ச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இறைச்சித் துண்டைத் தேடிக்கொண்டிருக்கையில், இந்தச் சோறு எந்த ஊர்ப் பக்கத்துச் சமையல் என்று இவர்கள் விரலால் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். ஆராய்ச்சி முடிகிறபோது இறைச்சியும் முடிந்திருக்கும். மழை பெய்தால் எல்லோரும் ஓடி ஒதுங்குவோம். இவர்கள் நனைந்தபடி நின்று, இது மாரி மழையா, மாரி முடிகிற மழையா என்று யோசிப்பார்கள். ஒரு காரியத்துக்குப் பெயர் வைக்கும்வரை அது நடந்ததாகவே இவர்களுக்குத் தோன்றாது. பெயர் வைத்துவிட்டால் பிறகு அது நடந்தாலும் ஒன்றுதான், நடக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இந்த இனத்தில் சுத்தமான, கலப்பில்லாத ஓர் ஆளை நீங்கள் பார்க்க விரும்பினால் கல்முனைப் பக்கம் வரவேண்டும். அப்துல் ஸமட் என்று பெயர். அரை ஆயுளுக்கு மேல் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றது கடைதான், மனேஜர் அல்ல. ஊரார் இன்றைக்கும் அவரை அண்ணன் முறை வைத்து மனேஜர் காக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவரைக் கேட்டால், உலகத்திலுள்ள பயறு, பருப்பு, அவரை அத்தனையும் ஏழு வகைக்குள் அடங்கும். உடைத்தால் பருப்பாகிறவை முதலாம் வகை. உளுந்தும் மைசூர்ப் பருப்பும் அதில். உடைக்காமல் முழுசாய் அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுத் தின்கிறவை இரண்டாம் வகை. பயறும் கௌபியும் அதில். கொறிக்கிறவை மூன்றாம் வகை, கடலையும் கச்சானும். முற்றுமுன்னே காயாகக் கறிக்குப் போகிறவை நான்காம் வகை. பயற்றங்காய், அவரை, சிறகவரை, மலைநாட்டிலிருந்து லொறியில் வந்திறங்கும் போஞ்சி. மனிதர் தின்னாமல் வைத்தியருக்கும் மாட்டுக்கும் விட்டுக்கொடுத்தவை ஐந்தாம் வகை. அங்கே கொள்ளு தனியே இருக்கிறது, பாவம். ஆறாம் வகை டின்னுக்குள் கப்பலில் வருகிறவை. அடைத்தவனுக்கே உள்ளே என்னவென்று தெரியாது என்பது அவர் கட்சி. ஏழாம் வகையைச் சொல்ல அவர் வாயெடுக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பவர் எழும்பிப் போய்விடுவார். ஆகையால் அது என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவருக்குப் பக்கத்து வீடு சபியா உம்மா. கலியாணம், கத்தம், கந்தூரி எதுவென்றாலும் பெரிய பானைக்கு அவர்தான் பொறுப்பு. ஊரில் மனேஜர் காக்காவுக்குப் பயப்படாத ஒரே ஆள்.

"காக்கா, பயத்தங்காய முத்த உட்டா உள்ளுக்க இரிக்கிறது கௌபி மாதிரியேதான் இரிக்கி. அப்ப அது நாலாம் வகையா, ரெண்டாம் வகையா?"

"காயா இரிக்கக்குள்ள நாலு. முத்தினா ரெண்டு."

"மனிசரையும் இப்பிடித்தான் வகை மாத்துறயா?"

"மனிசர் வேற பகுதி" என்றார் அப்துல் ஸமட், அந்தப் பகுதியின் பூட்டுக்கும் ஒருநாள் தன்னிடம் திறப்பு வரும் என்பதுபோல.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எழும்பி ஊருக்குள் வந்தது. கதவையும் கட்டிலையும், வள்ளத்தையும் வலையையும், ஆட்டையும் ஆளையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டது. திருப்பிப் போட்டதையும் ஒன்றாகவே போட்டது. மிஞ்சியவர்கள் பெரிய றோட்டுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாமிருந்தார்கள். லொறி லொறியாகச் சாமான் வந்தது. சாமானுக்கு யார் பொறுப்பு? கேட்கவும் வேண்டுமா?

நனைந்த உடுப்போடு நின்றவர்களுக்கு மாற்றுடுப்பு வந்த அன்றைக்கு, குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டையை ஆண்கள் பக்கம் வைப்பதா, பெண்கள் பக்கம் வைப்பதா, போர்வையோடு சேர்ப்பதா என்று தீர்மானிக்க அவருக்கு மத்தியானம் வரை ஆயிற்று. அதற்குள் எல்லோருடைய உடுப்பும் உடம்பிலேயே காய்ந்துவிட்டது.

இந்த முகாமில்தான் சித்தி லைலா இருந்தாள். கடல் அவளுடைய புருஷனையும் வீட்டையும் ஒரே இழுப்பில் கொண்டுபோயிற்று. மிஞ்சியது மகள் ஹப்ஸாவும் வீடு நின்ற வளவும். வளவு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு கிணற்றுக் கட்டு, பெயர்ந்த சீமெந்துத் தரையில் ஒரு துண்டு, மற்றதெல்லாம் மணல். வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை. அவள் வளவும் பக்கத்து வளவும் நடைபாதையும் கடற்கரையும் ஒன்றாகிப் படுத்திருந்தன.

இந்தக் கரையில் பெண்பிள்ளைக்குச் சீதனம் என்றால் முதலில் வீடு. தாய் இருந்த வளவு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். ஹப்ஸாவுக்கு நிந்தவூரில் ஒரு பையனைப் பேசி வைத்திருந்தார்கள். பையனின் தாய் முகாமுக்கு வந்தார், லைலாவைக் கட்டிப்பிடித்து அழுதார், ஹப்ஸாவின் தலையைத் தடவினார், மௌத்தானவருக்கு துஆக் கேட்டார், கொண்டுவந்த பழத்தைக் கொடுத்தார், வாசல்வரை போனார், திரும்பினார்.

"வளவு இரிக்கிதானே, மச்சி?"

"இரிக்கி" என்றாள் லைலா.

இருந்ததா? அதுதான் கேள்வி. அளவைக்காரர் வரப்போகிறார்கள், வேலியோ பயிரோ நிற்கிற வளவை அந்த வரியில் அளந்து முளை அடிப்பார்கள், வெறும் மணலாய்க் கிடக்கிறதை அரசாங்கக் காணியோடு சேர்த்துவிடுவார்கள் என்று முகாமில் ஒரு கதை நடமாடியது. யார் சொன்னது என்று கேட்டால் எல்லோரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். கதை மெய்யோ பொய்யோ, லைலாவுக்கு அதை நம்பாமலிருக்க வசதியில்லை. முள்ளுக்கம்பிக்கு வழியில்லை. ஓலைக்கும் வழியில்லை. படருகிற கொடி ஏதாவது நட்டால் அது வேலியும் ஆகும், பயிரும் ஆகும். மழை விடுவதற்குள் நடவேண்டும். விதை வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வயற்பக்கத் தமிழ் ஊரான சொறிக்கல்முனையிலிருந்து வேலப்போடி வந்தார். வயல்காரர். சங்கக் கடைக் காலத்தில் அப்துல் ஸமடிடம் நெல் கொண்டுவந்து போட்ட பழக்கம். யுத்தம் நின்றும் நிற்காமலும் இருந்த காலம் அது. அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வருவதென்றால் வீட்டில் ஒன்றுக்கு இரண்டுதரம் சொல்லிவிட்டுத்தான் வருவார். சைக்கிள் கரியரில் ஒரு சாக்கு. அதை இறக்கிவைத்தார்.

"மனேஜர், எங்கட ஊராக்கள் குடுத்து உட்டது. விதைச் சாமான். நட்டா முளைக்கும், அவிச்சா அவியும். பொழுதுபட முதல் நான் போகோணும்."

கொடுத்த தேநீரைப் பாதி குடித்தார். மற்றப் பாதி ஆறுமுன் சைக்கிள் திருப்பத்தில் மறைந்துவிட்டது.

அப்துல் ஸமட் சாக்கின் வாயை அவிழ்த்தார். உள்ளே பயறு கிடந்தது. கௌபி கிடந்தது. உளுந்து கிடந்தது. அவரை விதை, பயற்றங்காய் விதை, கொள்ளு, கச்சான், கறுப்பும் சிவப்பும் புள்ளியுமாகப் பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, ஒரு கலியாண வீட்டு முற்றம் மாதிரிக் கிடந்தன. கடல் வந்துபோன பிறகு அவருடைய முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

லைலா ஒரு தகரப் பேணியோடு வந்தாள்.

"காக்கா, எனக்கு அதில ரெண்டு பேணி தாங்க."

"எதில ரெண்டு பேணி?"

"இந்தச் சாக்கில."

"சாக்கு எண்டது ஒரு வகையில்ல, புள்ள. என்ன சாமான் வேணும் எண்டு சொல்லு, தாறன்."

"கொடியாப் படருற எதெண்டாலும் சரி."

"எதெண்டாலும் சரியா?" என்றார், ஏதோ காதால் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவர்போல.

"உப்பு மண் காக்கா. எது பிடிக்கும், எது சாகும் எண்டு ஆர் கண்ட? எல்லாத்தயும் போடுவன். பிடிக்கிறது பிடிக்கட்டும். மழ விடப்போகுது."

"மழ விடும், மறுகாலும் வரும். கலந்தத கலந்தபடியே மண்ணுக்குள்ள போட்டா, பொறகு ஆர் போய்ப் பிரிக்கிற?"

பிரிக்கவேண்டும் என்று லைலாவுக்குத் தோன்றவே இல்லையே.

ஒரு வகுப்பறையைக் கூட்டி, சோக்கட்டியால் தரையில் ஏழு கட்டம் கீறி, நடுவில் பாயைப் போட்டு, சாக்கைக் கொட்டி அதன் முன் சம்மணங்கொட்டி உட்கார்ந்தார் அப்துல் ஸமட். ஒவ்வொரு விதையாய் எடுத்தார். ஒவ்வொன்றையும் கடிக்கவில்லை, சந்தேகமானதைத்தான் கடித்தார். ஆனால் எல்லாமே அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. சீக்கிரம் முடியட்டும் என்று லைலாவும் உட்கார்ந்து பிரித்தாள், ஹப்ஸாவும் உட்கார்ந்து பிரித்தாள். குவியல் கரைந்து இதோ முடிகிறது என்கிற நேரத்தில் அவர் இரண்டாம் கட்டத்தை எட்டிப்பார்த்து, கௌபியில் சிவப்பும் வெள்ளையும் ஒரே கட்டத்தில் கிடப்பது நீதியா என்று கேட்டார். நீதியில்லைதான். திரும்பவும் தொடங்கியது. வெளியே மழை மெலிந்துகொண்டு வந்தது.

சபியா உம்மா அகப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

"காக்கா, அத இஞ்சால தாங்க. எல்லாத்தயும் ஒரே பானைல போட்டு அவிச்சித் தாறன். வகுத்துக்குள்ள போனாத் தானாப் பிரியும்."

"பயறு அவியிற நேரத்துக்குக் கடல அவியாது."

"நீங்க பிரிக்கிற நேரத்துக்கு நாங்க எல்லாரும் அவிஞ்சிருவம்."

பெண்கள் சிரித்தார்கள். அப்துல் ஸமட் சிரிக்கவில்லை. பயறு அவிகிற நேரத்துக்குக் கடலை அவியாது என்பது உண்மை. இந்த இனத்தாரோடு உள்ள கஷ்டமே அதுதான். அவர்கள் பிழையாக ஒன்றும் சொல்வதில்லை.

ஒருவழியாக ஒருநாள் பிரித்து முடிந்தது. லைலாவின் பேணி நிறைய முத்து முத்தாகப் பயறு அளந்து கொடுத்தார். ஒன்றுபோல் ஒன்று, ஒரே பச்சை.

"மத்ததிலயும் கொஞ்சம் கொஞ்சம் தந்தா..."

"ஒரு வளவுக்கு ஒரு வகை."

லைலா அதைக் கொண்டுபோய், வேலி இருந்த வரியில் ஊன்றினாள். பயறு முளைத்தது. இரண்டு இலை விட்டது. உப்பைக் குடித்தது. மஞ்சளாகி, ஒன்றுபோல் ஒன்று, ஒரே நாளில் தலை சாய்ந்தது. லைலா வந்து சொன்னபோது அப்துல் ஸமட் மிச்சப் பயறில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"நிலம் பிழ. வகை சரி."

மிச்சமான நல்ல விதைகளைத் தனித்தனிப் பொட்டலங்களாகக் கட்டி அலுமாரியில் பூட்டினார், உரிய காலத்துக்காக. உரிய காலம் எது? அதற்கும் வகை இருக்கிறது. அலுமாரிக்குள் வண்டுகள் எந்தக் காலத்துக்கும் காத்திருக்கவில்லை.

ஆனால் பாயில் இன்னும் ஒரு கும்பல் கிடந்தது. கோணலானவை, சுருங்கியவை, ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமானவை, எந்தக் காயிலிருந்து வந்தோம் என்று தமக்கே தெரியாதவை. எந்தக் கட்டமும் அவற்றை ஏற்கவில்லை.

"எட்டாவதா ஒரு கட்டம் கீறலாமே, மாமா" என்றாள் ஹப்ஸா.

"எட்டு எண்டு ஒண்டு இல்ல, மகள்" என்றார் அவர். கோபமாக அல்ல, ஒரு துக்கச் செய்தியைச் சொல்வதுபோல. பிறகு அதையெல்லாம் வாரிக்கொண்டுபோய், வகுப்பறைக்குப் பின்னால் கோப்பை கழுவுகிற தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கொட்டினார்.

மாரி போகிற போக்கில் கடைசியாக ஒருதரம் கொட்டிவிட்டுப் போனது. ஒரு காலையில் கோப்பை கழுவப் போன லைலா, பள்ளத்தைப் பார்த்தபடி குந்திக்கொண்டே இருந்தாள். பள்ளம் நிறையப் பச்சை. வட்ட இலை, நீள இலை, மயிர் பிடித்த இலை, வழுவழுத்த இலை. கொடிகள் ஏறுவதற்குக் கம்பில்லாமல் ஒன்றையொன்று பிடித்து ஏறப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கு ஒரு வகுப்பறையும் பாயும் தேவைப்படும். தாயும் மகளுமாக, வேரோடு மண்ணோடு அகப்பைக் காம்பால் கிண்டி, சிரட்டைகளில் வைத்து, தாச்சிச் சட்டியில் அடுக்கி, வளவுக்குச் சுமந்தார்கள். வேலி எந்த வரியில் போனது? கிணற்றடியிலிருந்து வேலிக்கு உடுப்புக் காயப்போடப் போய்ப் போய்ப் பழகிய கால் லைலாவுடையது. யோசிக்காமலே போய் நின்றது. கம்புகளாக, உடைந்த வள்ளத்துப் பலகை, யாரோ வீட்டுக் கூரைச் சிலாகை, ஒரு கதவு நிலையின் ஒரு பக்கம், கடல் கொண்டுவந்து போட்ட என்னவென்று தெரியாத தடி. பவுசர் வண்டியில் வந்த தண்ணீரில் தங்கள் பங்கைப் பாதி குடித்து, பாதி ஊற்றினார்கள்.

பாதிக் கொடிகள் செத்தன. எது செத்தது, எது பிடித்தது என்று லைலா பார்க்கவில்லை. பிடித்தவை செத்தவற்றின் கம்பையும் சேர்த்து ஏறின. ஊதாப் பூ பூத்தது, வெள்ளைப் பூ பூத்தது, ஒரு மூலையில் மஞ்சளும் பூத்தது. மணல்வெளியில் தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ ஒரு பச்சைக் கோட்டைக் கீறி, மூலையில் மடக்கி, மறுபடி கீறியிருப்பது தெரிந்தது.

கேள்விப்பட்டு அப்துல் ஸமட் வந்தார். வேலியோரமாக மெதுவாக நடந்தார். ஓர் இலையைப் பிடித்தார், விட்டார். ஒரு காயை அமத்தினார், முகர்ந்தார்.

"கலப்பு" என்றார், ஒரு வீட்டு இரகசியத்தைச் சொல்கிற குரலில். "இதுக்குப் பேரில்ல, புள்ள."

"பேரில்லாட்டிக் காரியமில்ல காக்கா. பச்சையா இரிக்கி."

அவருக்கு அன்றிரவு நித்திரை வந்திருக்காது. மறுநாள் தேநீர்க்கடையில் நாலு பேர் நடுவில் உரத்துச் சொன்னார்: "லைலாட வளவுல நிக்கிறது பயிரில்ல. வகைல வராதது பயிராகாது."

தேநீர்க்கடையில் சொன்னால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

முகாமில் நடமாடிய கதை மெய்யாகத்தான் இருந்தது போலும். அளவைக்காரர்கள் வந்தார்கள். இளம் அதிகாரி ஒருவர், தொப்பி, நாடா பிடிக்க இரண்டு பேர், முளைகள் ஒரு கட்டு. பின்னால் அரை ஊர். அதிகாரி பச்சைக் கோட்டருகில் வந்து நின்றார்.

"இது அடம்பன் மாதிரித் தானா வந்த கொடியா, இல்லாட்டி நீங்க நட்டதா?"

"நட்டது, சேர்" என்றாள் லைலா.

"என்ன பயிர்?"

"பயறு" என்றாள் லைலா. அதே நேரத்தில் "அவரை" என்றாள் ஹப்ஸா.

அதிகாரி தாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நட்டவருக்கு என்ன நட்டோம் என்று தெரியாமலிருக்குமா? பின்னாலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தார்: "கௌபி, சேர்." இன்னொருவர்: "சிறகவரை மாதிரியெல்லா இரிக்கி." மூன்றாமவர் ஒருவரும் கேட்காமலே சொன்னார்: "மனேஜர் காக்காட கணக்குல அது பயிரேயில்ல, சேர். கடைல வெச்சிச் சொன்னவர்."

"ஆர் அந்த மனேஜர்?"

அளவு நடக்கிற இடத்தில் ஒரு வகைபிரிப்பாளர் இல்லாமலிருப்பாரா? கூட்டம் விலகியது. அப்துல் ஸமட் முன்னால் வந்தார்.

லைலா அவரைப் பார்க்கவில்லை. அவருடைய வாயைத்தான் பார்த்தாள். அந்த வாய் ஒரு விதையைப்பற்றி ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது. அதிலிருந்து "வகைல வராதது" என்று ஒரு சொல் வந்தால், ஹப்ஸாவின் வளவு கடற்கரையாகிவிடும். நிந்தவூர் மாமியார் இன்னொரு வாசலில் போய்ப் பழம் கொடுப்பார்.

அப்துல் ஸமட் அவசரப்படவில்லை. வேலியை ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை பார்த்து நடந்தார். திரும்பி வந்தார். தொண்டையைச் செருமினார்.

"சேர், பயிர் எண்டு சொன்னா எந்த வகை எண்டு நான் சொல்லோணும். சொல்லேலாம இரிக்கி. இதுக்குள்ள நாலஞ்சி சாமான் பின்னிக் கிடக்கு. அதுல ரெண்டுக்குப் பேரே இல்ல."

யாரோ இருமினார்கள். ஹப்ஸா தாயின் கையைப் பிடித்தாள்.

"அப்ப காட்டுக்கொடி" என்றார் அதிகாரி, நாடா பிடிக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தபடி.

"அது எப்பிடி, சேர்?" அப்துல் ஸமடின் குரலில் முதல்முறையாகச் சூடேறியது. பிழையான வகையை அவர் ஒருவரிடமிருந்தும் பொறுத்துக்கொண்டதில்லை. "காட்டுக்கொடி நேர்கோட்டில வருமா? வந்தாலும், அந்தா அந்த மூலையப் பாருங்க. மடங்குது. கொடிக்கு மூலை தெரியாது, சேர். வளவுக்குத்தான் மூலை இரிக்கி."

"அப்ப இது என்ன?"

அப்துல் ஸமட் மூச்சை இழுத்தார். அவருடைய ஏழு கட்டங்களும் அந்த நேரத்தில் கண்முன்னால் வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக மூடியிருப்பார்.

"வேலி" என்றார். "பயறுமில்ல, அவரையுமில்ல. வேலி. அது தனி வகை."

அதிகாரி கொஞ்சநேரம் கொடியைப் பார்த்தார். கதவு நிலையைப் பார்த்தார், வள்ளத்துப் பலகையைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பச்சைக் கோட்டின் வழியே நாடாவை விடச்சொன்னார். முதல் முளை இறங்குகிற சத்தம் கேட்டபோதுதான் லைலா மணலில் உட்கார்ந்தாள்.

பின்னேரம் அவள் நன்றி சொல்லப் போனபோது, அப்துல் ஸமட் தேநீர்க்கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, வேலிகள் மொத்தம் ஏழு வகை என்று தொடங்கியிருந்தார். ஓலை வேலி, அலம்பல் வேலி, கம்பி வேலி, கதியால் வேலி என்று விரல் மடிந்துகொண்டிருந்தது. லைலாவைக் கண்டதும் "உன்ட வேலி அஞ்சாம் வகை, புள்ள" என்றார். நன்றியை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அல்லாஹ்வே" என்றார் அந்தப் பக்கமாகப் போன சபியா உம்மா. "பயறு முடிஞ்சி வேலி தொடங்கிட்டு."

நிந்தவூர்த் தாய் மறுபடி வந்தார். முளைகளைப் பார்த்தார். கலியாணம், கட்டி முடியாத வீட்டில், அந்தக் கொடிகளுக்கு நடுவில்தான் நடந்தது. வந்திருந்த பெண்கள் காயைப் பிடுங்கிப் பார்த்து இது என்ன, இது என்ன என்று கேட்டார்கள். லைலா எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "வேலி."

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. இவ்வளவு நேரமும் அப்துல் ஸமடைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள், நல்லது. ஆனால் இது கதையா, கட்டுரையா, கேலியா, மெய்யா என்று நடுவில் எங்கேயோ ஒரு கணம் யோசித்தீர்களே? பிடிபடவில்லை என்றதும் உள்ளே சின்னதாய் ஓர் எரிச்சல் வந்ததே? அதுதான் இந்த நோயின் முதற் குறி. மருந்தில்லை. வீட்டிலுள்ளவர்கள் பழகிக்கொள்வார்கள்.

இந்த இனத்துக்கு ஊர் கிடையாது, மொழி கிடையாது என்பதும் பிறகுதான் தெரியவந்தது. யுத்தம் முடிந்து, பாதையிலிருந்த சோதனைச்சாவடி கழன்றுபோன பிற்பாடு, வேலப்போடி ஒருநாள் கல்முனைச் சந்தையில் லைலாவைக் கண்டு சொன்னார். அந்த விதைகள் சொறிக்கல்முனையிலிருந்து கலந்து வரவில்லையாம். பயறு வேறு, கௌபி வேறு, அவரை வேறு என்று வீட்டுக்கு வீடு பெண்கள் பிரித்து, தனித்தனிச் சீலைத் துண்டில் முடிந்துதான் கொடுத்தார்களாம். சாவடியில் ஒவ்வொரு முடிச்சாய் அவிழ்த்து, தரையில் விரித்த ஒரு படங்கில் எல்லாவற்றையும் கொட்டி, தடியால் கிளறிப் பார்த்து, ஒன்றுமில்லை, கொண்டுபோ என்றார்களாம். கலந்த விதையோடு மனேஜர் முகத்தில் எப்படி முழிப்பது என்று வேலப்போடி அங்கேயே றோட்டோரம் குந்திப் பிரிக்கத் தொடங்க, ஓர் இளம் சிங்களச் சிப்பாய் பாவம் பார்த்து, தோளிலிருந்த துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, எதிரில் குந்தித் தானும் பிரித்தானாம். அவர் விதையின் வகையைப் பார்த்துப் பிரித்தார். அவன் நிறத்தைப் பார்த்துப் பிரித்தான். இவர் சேர்த்ததை அவன் பிரித்தான், அவன் சேர்த்ததை இவர் பிரித்தார். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கவில்லை. கொஞ்சநேரத்தில் இரண்டு பேருக்கும் கோபம் வந்துவிட்டதாம். பிறகு மழை வந்ததாம். இருவருமாக எல்லாவற்றையும் அவசரமாய் வாரி ஒரே சாக்கில் போட்டார்களாம்.